‘கடத்தூர்’ என்று எழுத எத்தனை பிக்சல் வேண்டும்? சின்னத் திரைகளில் தமிழ் ஏன் உடைகிறது?

கடத்தூர். ஐந்தே எழுத்து. தருமபுரி மாவட்டத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சியின் பெயரை உங்கள் ஸ்மார்ட்போனில் டைப் செய்தால் ஒரு பிரச்னையும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், மேப்பில் தேடலாம். எழுத்து சுத்தமாக வந்து நிற்கும்.

அதே பெயரை பில் போடும் ஒரு குட்டி மெஷினிலோ, கடை வாசலில் ஓடும் எல்இடி போர்டிலோ, இன்ஜினீயரிங் புராஜெக்ட்டில் வரும் 16×2 எல்சிடி திரையிலோ கொண்டுவரப் பாருங்கள். ‘த்’ மேல் இருக்கும் புள்ளி காணாமல் போகலாம். ‘தூ’ இரண்டாக உடையலாம். சில நேரம் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம்தான் வரும்.

“இந்த மெஷின்ல தமிழ் வராதுங்க” என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதுதான் வழக்கம். உண்மையில் வராதா, இல்லை வரவைக்கவில்லையா? விடை, அந்த மெஷினுக்குள் போகும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதற்கென்றே கமாண்ட் லைன் டூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பிட்மேப் ஃபான்ட் என்றால் என்ன?

போனிலும் லேப்டாப்பிலும் இருக்கும் எழுத்துருக்கள் கோடுகளாலும் வளைவுகளாலும் ஆனவை. எழுத்தின் ஓரம் எங்கே வளைய வேண்டும் என்பது கணக்காகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் எவ்வளவு ஜூம் செய்தாலும் எழுத்து உடைவதில்லை.

பிட்மேப் ஃபான்ட் அப்படியில்லை. கணக்கு நோட்டில் இருக்கும் கட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், எதை வெள்ளையாக விட வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். ஒரு கட்டம் என்பது ஒரு பிக்சல். 1984-ல் வந்த முதல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக சூசன் கேர் என்ற வடிவமைப்பாளர் ஐகான்களை வரைய ஆரம்பித்தது இப்படிப்பட்ட கட்டத்தாளில்தான்.

‘அதெல்லாம் பழைய காலம்’ என்று நினைக்க வேண்டாம். கடைகளில் பில் அடிக்கும் 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரின்டர், வழக்கமாக ஒரு வரிசையில் 384 பிக்சல் அச்சிடும். கடை போர்டுகளில் அதிகம் பயன்படும் ‘பி10’ எல்இடி பலகை ஒன்றில் அகலத்துக்கு 32, உயரத்துக்கு 16 பல்புகள். இந்தச் சாதனங்களுக்கு வளைவைக் கணக்குப் போட்டு வரைய நேரமும் இல்லை, சக்தியும் இல்லை. தயாராக வரைந்து வைத்த படத்தை எடுத்து அப்படியே ஒட்டும். அந்த ஒவ்வொரு படத்துக்கும் பெயர் ‘கிளிஃப்’.

ஓர் எழுத்துக்குச் சராசரியாக 12 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டால், ‘கடத்தூர்’ என்ற பெயருக்கு 60 பிக்சல் ஆகும். இரண்டு பி10 பலகைகளைப் பக்கத்தில் வைத்தால் 64. ஊர்ப்பெயர் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆக, இடம் பிரச்னை இல்லை.

எழுத்து எப்படி எண்ணாக மாறுகிறது?

இதைப் புரிந்துகொள்ள ‘குனூ யூனிஃபான்ட்’ நல்ல உதாரணம். 1998-ல் ரோமன் சிபோரா என்பவர் தொடங்கிய இலவச பிட்மேப் எழுத்துரு இது. யூனிகோடில் இருக்கும் உலக மொழிகளின் எழுத்துகளை எல்லாம் 16 வரிசை உயரமுள்ள கட்டங்களில் வரைந்து வைப்பதுதான் இதன் வேலை. தமிழும் இதில் உண்டு.

இதன் அழகு, அதன் ஃபைல்தான். ஓர் எழுத்துக்கு ஒரே ஒரு வரி. முதலில் எழுத்தின் எண், பிறகு ஒரு முக்காற்புள்ளி, பிறகு படத்தின் எண்கள். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம்.

எளிமைக்காக ஒரு குட்டி ‘ட’ வரைந்து பார்க்கலாம்:

□■□□□□□□
□■□□□□□□
□■□□□□□□
□■□□□□□□
□■□□□□□□
□■□□□□□□
□■■■■□□□

ஒரு வரிசையில் 8 கட்டம். அதை நான்கு நான்காகப் பிரியுங்கள். நான்கு கட்டங்களுக்கும் இடமிருந்து வலமாக 8, 4, 2, 1 என்று மதிப்பு. கறுப்புக் கட்டங்களின் மதிப்பை மட்டும் கூட்ட வேண்டும். முதல் வரிசையில் இடப்பக்க நான்கில் இரண்டாவது கட்டம் மட்டும் கறுப்பு. எனவே 4. வலப்பக்கம் ஒன்றும் இல்லை. எனவே 0. சேர்த்தால் 40. கடைசி வரிசையில் இடப்பக்கம் 4, 2, 1 கூட்டினால் 7. வலப்பக்கம் 8. சேர்த்தால் 78.

ஆக, இந்த ‘ட’ கம்ப்யூட்டருக்கு வெறும் 40 40 40 40 40 40 78. அவ்ளோதான். கூட்டுத்தொகை 10 முதல் 15 வரை போனால், எண்களுக்குப் பதில் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளைப் போடுவார்கள். இதுதான் ‘ஹெக்ஸ்’ எண்முறை.

இப்போது இதை ‘ட்’ ஆக்க வேண்டுமா? மேலே இரண்டு வரிசை சேர்த்தால் போதும். புள்ளிக்கு 20, அதற்குக் கீழே ஒரு வெற்று வரிசைக்கு 00. ஒரு மெய்யெழுத்து பிறந்துவிட்டது.

கமாண்ட் லைனில் என்ன செய்யலாம்?

எண்களை மனக்கணக்காகப் போட்டு வரைவது யாருக்கும் கஷ்டம். அங்கேதான் டூல் வருகிறது. யூனிஃபான்ட் தொகுப்பில் ‘ஹெக்ஸ்டிரா’ என்று ஒரு சின்ன புரோகிராம் உண்டு. எண்கள் உள்ள ஃபைலை அதற்குக் கொடுத்தால், ஒவ்வோர் எழுத்தையும் ஹைஃபன் குறிகளும் ஹேஷ் குறிகளுமாக வரைந்து தரும். ஹேஷ் இருந்தால் கறுப்பு, ஹைஃபன் இருந்தால் வெள்ளை.

அந்த டெக்ஸ்ட் ஃபைலை எந்த எடிட்டரிலும் திறக்கலாம். புள்ளி இல்லாத இடத்தில் ஹைஃபனை அழித்து ஹேஷ் போடலாம். சேவ் செய்து, அதே புரோகிராமுக்குத் திரும்பக் கொடுத்தால் மறுபடி எண்களாக மாற்றித் தந்துவிடும். போவதற்கும் வருவதற்கும் ஒரே கட்டளை.

டைப் செய்து வரையப் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு டூல் இருக்கிறது. அது 256 எழுத்துகளை ஒரே படமாக மாற்றித் தரும். பெயின்ட் போன்ற எந்த ஆப்பிலும் திருத்திவிட்டுத் திரும்ப எண்ணாக்கலாம். கடைசியாக, மற்ற சாதனங்களும் மென்பொருள்களும் படிக்கும் ‘பிடிஎஃப்’ என்ற வடிவத்துக்கு மாற்றவும் கட்டளை உண்டு. இது நாம் தினமும் திறக்கும் ஆவண பிடிஎஃப் அல்ல. எழுத்துருவின் படங்களை டெக்ஸ்டாக எழுதி வைப்பதற்கு அடோபி நிறுவனம் வகுத்த முறை இது.

அழகான ஆப் இல்லாமல் எதற்குக் கறுப்புத் திரை? காரணம் இருக்கிறது. 18 மெய்யெழுத்துகளிலும் புள்ளியை ஒரு வரிசை மேலே தூக்க வேண்டும் என்றால், மவுஸால் 18 முறை செய்ய வேண்டும். கமாண்ட் லைனில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். எல்லாமே டெக்ஸ்ட் என்பதால், நேற்றைய ஃபைலுக்கும் இன்றைய ஃபைலுக்கும் எந்த வரி மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் சரிபார்க்கலாம்.

ஒரு புள்ளி போனால் என்ன ஆகிவிடும்?

‘கடததூர’ என்று அச்சாகி வந்தாலும் அந்த ஊர்க்காரர் புரிந்துகொள்வார். வெளியூர்க்காரர்? அவர் தடுமாறுவார். ஊர்ப்பெயர் என்பதால் பாதகமில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் ‘கல்’ என்பதில் புள்ளி போனால் ‘கல’. மருந்துச் சீட்டில் ‘உணவுக்கு முன்’ என்பதில் உகரம் விழுந்தால் ‘மன்’. படிப்பவர் யூகிக்க வேண்டியதுதான்.

இந்த யூகிக்கும் வேலை தமிழருக்குப் புதிதல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனாலும் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. படிப்பவர்தான் இடம் பார்த்து ‘க’வா ‘க்’கா என்று முடிவு செய்ய வேண்டும். எழுதும் பொருள் மாறும்போது எழுத்தின் கதியும் மாறும். தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த பழைய நடுகற்கள் பலவற்றில் இருப்பது இன்றைக்கு நாம் படிக்கும் தமிழ் வடிவம் அல்ல, வட்டெழுத்து. அந்த வரிசையில் இன்று வந்திருக்கும் புதிய ஓலை, பிக்சல்.

ஓலையில் எழுதியவருக்கு வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். 16 வரிசை உயரம் இருக்கும் எல்இடி போர்டில் அந்தச் சாக்கு செல்லாது. மேலே 3 வரிசை புள்ளிக்கு, நடுவே 9 வரிசை எழுத்தின் உடலுக்கு, கீழே 4 வரிசை உகர, ஊகார வாலுக்கு என்று பிரித்தாலே எல்லாம் அடங்கிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் எதுவும் நீள்வதில்லை. அதை மனதில் வைத்து 7 அல்லது 8 வரிசையில் உருவான கட்டத்துக்குள் தமிழை அமுக்கும்போதுதான் புள்ளியும் வாலும் வெட்டுப்படுகின்றன. ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் இருக்கும் ஒரு சுழி வித்தியாசம் கூட அங்கே அழிந்துபோகும். மணமும் மனமும் ஒன்றாகிவிடும்.

படத்தைச் சரி செய்தாலும் தமிழ் ஏன் உடைகிறது?

இதுதான் முக்கியமான இடம். எல்லா எழுத்தையும் அழகாக வரைந்து முடித்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

‘கடத்தூர்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடுக்கு அது எட்டு. க, ட, த, புள்ளி, த, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் தனி எண். ‘க’வுக்கு 2965, ‘ட’வுக்கு 2975, புள்ளிக்கு 3021. போனில் இருக்கும் மென்பொருள் இந்த எட்டையும் வாங்கி, எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று பார்த்து ஐந்து எழுத்தாக மாற்றித் தருகிறது. இந்த வேலைக்கு ‘ஷேப்பிங்’ என்று பெயர். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் இதைச் செய்வது ‘ஹார்ஃப்பஸ்’ என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். பெயர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் இந்த வரியை குரோமில் படிக்கிறீர்கள் என்றால், இதையும் அதுதான் கோத்துத் தந்திருக்கிறது.

சின்ன மெஷினில் அது இல்லை. ஓர் எண்ணுக்கு ஒரு படம், வந்த வரிசையில் ஒட்டு. இதுதான் அதற்குத் தெரிந்த ஒரே விதி. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது.

கடத்தூருக்குப் பக்கத்து ஊர்ப்பெயர்களை வைத்தே பார்க்கலாம். பொம்மிடி. யூனிகோடில் முதலில் ‘ப’, பிறகு ஒகரக் குறி. ஆனால் எழுதும்போது ஒற்றைக்கொம்பு ‘ப’வுக்கு முன்னால் வர வேண்டும், துணைக்கால் பின்னால் வர வேண்டும். ஒரு குறி, எழுத்தின் இரண்டு பக்கமும் போய் நிற்க வேண்டும். விதி தெரியாத மெஷின் முதலில் ‘ப’வை அடித்துவிட்டு, கொம்பையும் காலையும் அதற்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டும்.

அடுத்து ஊகாரம். கூ, தூ, பூ, ரூ. ஒலி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் வால் வேறு மாதிரி. ஒரே ஊகாரப் படத்தை வரைந்து எல்லாவற்றோடும் ஒட்ட முடியாது. கடத்தூரின் ‘தூ’வுக்கும், மொரப்பூரின் ‘பூ’வுக்கும், அரூரின் ‘ரூ’வுக்கும் தனித்தனிப் படம் வேண்டும். யூனிஃபான்ட்டின் அடிப்படை ஃபைலிலும் ஓர் எண்ணுக்கு ஒரே படம்தான் என்பதால், அதை மட்டும் வைத்து நல்ல தமிழ் கொண்டுவர முடியாது.

மொத்தம் எத்தனை படம்?

தமிழில் 247 எழுத்து என்றதும் மலைப்பாக இருக்கும். எல்லாவற்றையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1, உயிர்மெய் அகரம் 18, புள்ளி வைத்த மெய் 18, உகர ஊகார எழுத்துகள் 36, கால், கொம்பு, சுழி போன்ற துணைக்குறிகள் 6, தனி வடிவம் கொண்ட டி, டீ 2. கூட்டினால் 93. ஜ, ஷ, ஸ, ஹ போன்றவையும் அவற்றின் மெய்களும் சேர்ந்தால் நூறைத் தாண்டும். அவ்வளவுதான்.

1978-ல் எம்.ஜி.ஆர் அரசு பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிடாமல் இருந்திருந்தால் இந்த எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கு அதுவரை தனி வடிவங்கள் இருந்தன.

மெமரி இடிக்குமா? ஒரு கணக்கு. 16 வரிசை, 32 பிக்சல் அகலம் என்று தாராளமாக வைத்து, 247 எழுத்தையும் தனித்தனியாகவே வரைந்தாலும் ஓர் எழுத்துக்கு 64 பைட். மொத்தம் 15,808 பைட். கல்லூரி மாணவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ யூனோ போர்டில் புரோகிராமுக்கான இடமே 32 கிலோபைட். ‘மெமரி பத்தாது’ என்ற பதில் பெரும்பாலும் எடுபடாது.

உண்மையிலேயே இடம் இல்லாத சாதனமும் உண்டு. 16×2 எல்சிடி திரையில் சொந்தமாக வரைந்து ஏற்ற 8 எழுத்துக்குத்தான் இடம். அதுவும் 5×8 கட்டம். ‘கடத்தூர்’ 5 படத்தில் முடிந்துவிடும், ‘தூ’வை ஐந்து கட்டத்துக்குள் நெருக்கினால். ‘பாப்பிரெட்டிப்பட்டி’க்கு ப, கால், ப், இகரச் சுழி, கொம்பு, ர, ட், டி என்று சரியாக 8. இரண்டு ஊரையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது!

அரசு ஏதாவது செய்ததா?

செய்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களை அரசு அறிவித்தது. 256 இடங்களுக்குள் தமிழை அடக்கிய முறைகள் அவை. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்பட்டதால், எளிய மெஷினுக்கு அது வசதி. ஆனால் உலகம் யூனிகோடுக்குப் போய்விட்டது.

2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. கூடவே ‘டேஸ் 16’ என்ற முறையையும் அங்கீகரித்தது. இதில் கொ, தூ, டி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண். ஓர் எண்ணுக்கு ஒரு படம் என்ற எளிய மெஷினின் விதிக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். சிக்கல் என்னவென்றால், இந்த எண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கின்றன. அந்தப் பகுதியை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அதனால் ஏற்பாடு செய்யப்படாத போனுக்கோ இணையதளத்துக்கோ அந்த எண் போனால் எழுத்து தெரியாது.

அப்போ தீர்வு?

மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

ஒன்று, எழுத்தைப் படமாக அனுப்புவது. போனோ கம்ப்யூட்டரோ முழு வரியையும் சரியாகக் கோத்து, படமாக்கி பிரின்டருக்கு அனுப்பும். ஹார்ஃப்பஸ் தொகுப்பிலேயே இதற்கான கமாண்ட் லைன் டூல் இருக்கிறது. தமிழ் பிழையில்லாமல் வரும். அச்சிடச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம்.

இரண்டு, மெஷினுக்குள்ளேயே ஒரு குட்டி விதிப்பட்டியல் வைப்பது. ‘த, பிறகு ஊகாரக் குறி வந்தால் தூ படத்தை எடு’, ‘ஒகரக் குறி வந்தால் கொம்பை முன்னால் போடு’ என்பது போன்ற விதிகள். தமிழில் கூட்டெழுத்துகள் குறைவு என்பதால், தேவநாகரியை விட இது எளிது.

மூன்று, மாறாத சொற்களை முன்கூட்டியே வரைந்து வைப்பது. ஒரு பஸ் வழித்தடத்தில் இருபது நிறுத்தம் என்றால் இருபது படம். கடைக்காரரின் பெயர், ‘மொத்தம்’, ‘நன்றி’ போன்றவற்றுக்கும் இதுவே போதும்.

எந்த வழியானாலும், கடைக்கு பில் மெஷின் வாங்குபவரோ, அலுவலகத்துக்கு எல்இடி போர்டு ஆர்டர் செய்பவரோ விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “தமிழ் வருமா?” என்பதல்ல. அதற்கு “வரும் சார்” என்றுதான் பதில் கிடைக்கும். “இந்தப் பெயர்களைப் போட்டுக் காட்டுங்க” என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். தருமபுரிப் பக்கத்து ஊர்களே அதற்குப் போதும்:

கடத்தூர்: இரண்டு புள்ளியும் இருக்கிறதா, ‘தூ’ ஒரே எழுத்தாக வருகிறதா?

பொம்மிடி: கொம்பு ‘ப’வுக்கு முன்னால் நிற்கிறதா, ‘டி’ சேர்ந்து வருகிறதா?

மொரப்பூர்: ‘பூ’வின் வால் கீழே வெட்டுப்படாமல் இருக்கிறதா?

பென்னாகரம்: ‘ன்’ தெளிவாக இருக்கிறதா, ‘ண்’ போலத் தெரிகிறதா?

பாப்பிரெட்டிப்பட்டி: நீளமான பெயர் பாதியில் அறுபடாமல் வருகிறதா?

கிருஷ்ணகிரி: ‘ஷ்’ இருக்கிறதா, வெறும் கட்டம் வருகிறதா?

ஆறும் சரியாக வந்தால் தைரியமாக வாங்கலாம். புள்ளி மட்டும் விடுபட்டிருந்தால் படத்தில் கோளாறு. ஃபைலை வாங்கி ஒரு மாலை நேரத்தில் திருத்திவிடலாம். கொம்பு இடம் மாறியிருந்தால் விதியில் கோளாறு. அதை மெஷினின் சாஃப்ட்வேர் எழுதியவர்தான் சரி செய்ய வேண்டும். எது எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவரிடம் “தமிழ் வராதுங்க” என்று சொல்லித் தப்பிக்க முடியாது.